சிறுமலரும் பெருநகரமும்

புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஒரு பெருநகரத்தின் மேயராகும்போதெல்லாம் நம்மிடையே ஒருவித நெகிழ்ச்சி பரவிவிடுகிறது. 2016இல் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பேருந்து ஓட்டுநரின் மகனான சாதிக் கான் லண்டன் மேயரானபோது அது நிகழ்ந்தது. 2025 நவம்பரில் கம்பாலாவில் பிறந்த ஸோரான் மம்தானி நியூயார்க்கில் வென்றபோதும் நிகழ்ந்தது. இந்த நெகிழ்ச்சியில் பிழையொன்றும் இல்லை. ஆனால் அதனடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கதவுக்கு வெளியே நின்ற வலியை அறிந்தவன் உள்ளே போனபின் கதவைச் சாத்தமாட்டான் என்பதே அந்நம்பிக்கை. அதைச் சற்றுப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அதற்கு ஃபியோரெல்லோ லா கார்டியாவின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது.

ஃபியோரெல்லோ என்றால் இத்தாலிய மொழியில் சிறுமலர் என்று பொருள். 1882இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை அக்கீலே தென்இத்தாலியின் ஃபோஜ்ஜா வட்டாரத்திலிருந்து வந்த இசைஞர். தாய் ஐரீன் ட்ரியெஸ்டே நகரத்து யூதக் குடும்பத்துப் பெண். தந்தை அமெரிக்க ராணுவத்தில் இசைக்குழுத் தலைவராக இருந்ததால் பிள்ளைப் பருவம் அரிசோனாவின் பாசறைகளில் கழிந்தது. அங்கே ஒருநாள் குரங்கோடு ஒரு இத்தாலியக் கைப்பெட்டி இசைக்காரன் வந்தான். ஊர்ப் பிள்ளைகள் ‘உன் குரங்கு எங்கே’ என்று ஃபியோரெல்லோவைக் கேலி செய்தார்கள். தந்தையோ அந்தப் பாட்டுக்காரனோடு தாய்மொழியில் அளவளாவி, வீட்டுக்கு அழைத்து விருந்தும் வைத்தார். கேலி இன்னும் வளர்ந்தது. வெட்கம் மகனுக்கு, விருந்தோம்பல் தந்தைக்கு. இந்தக் காட்சியை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது திரும்ப வரும்.

1898இல் ஸ்பானிய அமெரிக்கப் போரின்போது, ராணுவத்துக்கு விற்கப்பட்ட கெட்டுப்போன இறைச்சியை உண்டே தந்தையின் உடல் சீர்குலைந்தது என்று மகன் கடைசிவரை நம்பினார். குடும்பம் ஐரோப்பா திரும்பியது. ஃபியூமே துறைமுகத்தின் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் இளைஞனுக்கு வேலை. அமெரிக்காவுக்குக் கப்பலேறும் ஏழைகளை அங்கேயே மருத்துவர் பரிசோதித்த பின்னரே சான்று தருவேன் என்று அவர் நின்றார். கப்பல் நிறுவனத்தார் சினந்தனர். அவர் கணக்கு எளிமையானது. நிலத்தை விற்றுக் கடல் கடந்தவனை எல்லிஸ் தீவில் நோயாளி என்று திருப்பியனுப்புவதைவிட, புறப்படும் முன்பே சொல்லிவிடுவது கருணை. ஒருமுறை ஆஸ்திரிய அரச குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தி, பயணிகள் கப்பலேறும் காட்சியைக் கண்டுகளிக்க விரும்பினாள். அவள் வசதிக்காக அம்மக்களை முன்கூட்டியே கப்பலின் அடித்தளத்தில் அடைக்க ஏற்பாடாயிற்று. அந்தச் சின்ன அதிகாரி சான்றில் கையெழுத்திட மறுத்துவிட்டார். சட்டத்தின் எழுத்தை வலியோர்மீது திருப்புவது எப்படி என்று அவர் அங்கேதான் கற்றார்.

1907 முதல் 1910 வரை எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளர். இரவில் சட்டப் படிப்பு. இத்தாலியமும் ஜெர்மனும் குரோவாசியமும் பேசிய அவர் நாவின் வழியாகத்தான் பல குடும்பங்களின் தலைவிதி அதிகாரிகளின் செவிக்குச் சென்றது. பின்னர் அரசியல். முதலாம் உலகப் போரில், காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே விமானப்படையில் சேர்ந்து, தந்தையின் வட்டாரமான ஃபோஜ்ஜாவில் அமெரிக்க விமானிகளின் பயிற்சியை மேற்பார்த்தார். 1921இல் காசநோய் அவருடைய குழந்தையையும் மனைவியையும் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. 1922 தேர்தலில் அவரை யூத வெறுப்பாளர் என்று துண்டறிக்கை வந்தபோது, தாய் யூதர் என்ற சான்றை அவர் எடுத்து நீட்டவில்லை. யூதரான எதிர்வேட்பாளரை முழுக்க முழுக்க யித்திய மொழியிலேயே விவாதிக்க வருமாறு அழைத்தார். எதிர்வேட்பாளருக்கு அந்த மொழி வராது. குருதியைக் காட்டி வாக்குக் கேட்பதைவிட மொழியைக் காட்டிக் கேட்பது கௌரவமானது என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

1924இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பீட்டை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு நாட்டவருக்கும் 2 விழுக்காடு என்று கதவைக் குறுக்கிய சட்டம் அது. இத்தாலியரும் யூதரும் பெருமளவில் வருவதற்கு முந்தைய ஆண்டைத் தேர்ந்தெடுத்ததன் சூது யாருக்கும் புரியாமலில்லை. லா கார்டியா அதைக் கடுமையாக எதிர்த்துத் தோற்றார். 1932இல் தொழிலாளர் போராட்டங்களை நீதிமன்றத் தடையாணைகளால் நசுக்கும் வழக்கத்துக்குக் கடிவாளமிட்ட நாரிஸ் லா கார்டியா சட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1934 முதல் 1945 வரை மூன்று முறை மேயர். அவர் வீழ்த்திய டாமனி ஹால் என்னும் கட்சி இயந்திரமும் புலம்பெயர்ந்தோரால் வளர்ந்ததே என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஐரிஷ் குடியேறிகளுக்கு அது வேலை தந்தது, குளிர்காலத்தில் கரி தந்தது; பதிலுக்கு வாக்கைப் பெற்று நகரக் கருவூலத்தைத் தின்றது. பிறப்பு ஒன்றே நற்சான்றாகாது என்பதற்கு டாமனியே முதற்சாட்சி. லா கார்டியா நகரப் பணிகளைத் தேர்வுமுறைக்குக் கொண்டுவந்தார். குடிசைகள் இருந்த இடத்தில் பொதுக் குடியிருப்புகளை எழுப்பினார். 1939இல் அவர் பெயரை இன்றும் தாங்கும் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1945இல் செய்தித்தாள் விநியோகஸ்தர்களின் வேலைநிறுத்தத்தின்போது, பிள்ளைகளுக்காக வானொலியில் படக்கதைகளை வாசித்துக் காட்டினார். இவையெல்லாம் புகழ்மாலையில் வழக்கமாகக் கோக்கப்படும் மலர்கள்.

கோக்கப்படாதவையும் உண்டு. 1936இல் தெருக்களில் கைப்பெட்டி இசைக்காரர்களுக்கு அவர் தடை விதித்தார். போக்குவரத்தும் பிச்சையும் காரணமாகச் சொல்லப்பட்டன. அரிசோனாவின் அந்தக் குரங்குக்காரனை அறிந்த நமக்கு உண்மைக் காரணம் தெரியாமற்போகுமா? தள்ளுவண்டிக்காரர்களும் தெருவிலிருந்து மூடிய சந்தைகளுக்குள் தள்ளப்பட்டனர். சுகாதாரம் கூடியது மெய். ஆயினும் அந்த ஒழுங்கில் பழைய வெட்கத்தின் வாடையும் வீசுகிறது. தந்தை விருந்து வைத்தவனை மகன் தெருவிலிருந்து அகற்றினார்.

இதைக்கூட மன்னித்துவிடலாம். 1935இல் ஹார்லெமில் கலவரம் மூண்டபோது காரணங்களை ஆராய அவரே ஒரு குழுவை அமைத்தார். வேலை, வீடு, மருத்துவம், காவல்துறை அனைத்திலும் கறுப்பின மக்கள் வஞ்சிக்கப்படுவதைக் குழு எழுதியது. அறிக்கையை மேயர் வெளியிடவில்லை. 1936இல் ஒரு கறுப்பினப் பத்திரிகைதான் அதை வெளிக்கொணர்ந்தது. 1944இல் முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை நியூயார்க்கில் குடியமர்த்தும் ஏற்பாடு நடந்தபோது, அதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர்களில் எல்லிஸ் தீவின் இந்தப் பழைய மொழிபெயர்ப்பாளரும் ஒருவர். கதவைச் சாத்தமாட்டான் என்ற நம் நம்பிக்கை இங்கே உடைகிறது.

அதே 1944இல் புடாபெஸ்டில் அவர் அக்கா ஜெம்மாவை நாஜிகள் கைதுசெய்தார்கள். ரேவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் அடைபட்டு உயிர்தப்பிய அவர், போருக்குப் பின் ஆயிரமாயிரம் அகதிகளில் ஒருவராகப் பெர்லினில் காத்திருந்தார். 1946இல் ஐக்கிய நாடுகளின் அகதி மறுவாழ்வு நிர்வாகத்துக்கே தலைவராக இருந்த தம்பி பணம் அனுப்பினார். ஆனால் வரிசையை மீறி அவரை அழைத்துக்கொள்ள மறுத்தார். 1947இல் முறைப்படிதான் ஜெம்மா நியூயார்க் வந்தார். சில மாதங்களில், செப்டம்பரில், லா கார்டியா மறைந்தார்.

இந்த மறுப்பைப் பலர் வன்னெஞ்சம் என்பர். எங்கள் பார்வை வேறு. தன் இரத்தத்துக்குச் சலுகை மறுத்தவர், ஃபியூமேயில் சீமாட்டிக்குச் சலுகை மறுத்த அதே இளைஞர்தான். விதியின் கூர்முனையைத் தன்மீதும் வலியோர்மீதும் திருப்பிய இடங்களிலெல்லாம் அவர் உயர்ந்து நிற்கிறார். அதை இசைக்காரன்மீதும் ஜப்பானியக் குடும்பங்கள்மீதும் திருப்பிய இடங்களில் அவரும் இன்னொரு நகராட்சி அதிகாரிதான். இரண்டும் ஒரே மனிதரின் கைகள். இரண்டுக்கும் பிறப்பு ஒன்றே.

ஆகவே, குடியேறியவரின் பிள்ளை மேயராவதில் நாம் மகிழலாம்; அவருடைய பெற்றோர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று கேட்டும் மகிழலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. அவர் பதவியில் இருக்கும் நாட்களில் கதவருகே புதிதாக யார் நிற்கிறார்கள், அவர்களிடம் அவருடைய அலுவலர்கள் என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். லா கார்டியாவிடம் இந்தக் கேள்வியை அவர் காலத்தவர் போதிய உரக்கக் கேட்கவில்லை. அவர்மீது அவர்கள் வைத்திருந்த அன்பே அதற்குத் தடையாயிற்றோ என்று ஐயுறுகிறோம்.