ஒன்றுகூடுவது ஊதாரித்தனமா?

அலுவலகமே இல்லாமல், ஆளுக்கொரு ஊரில் வீட்டிலிருந்து வேலை செய்யும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. அவற்றில் பல, ஆண்டுக்கு ஓரிரு முறை எல்லோரையும் ஓரிடத்துக்கு வரவழைக்கின்றன. ரிட்ரீட் என்றும் ஆஃப்சைட் என்றும் அதற்குப் பெயர். அதைப் பற்றி நம்மூர் ஐ.டி. வட்டாரத்தில் முதலாளிகளும் ஊழியர்களும் ஒரே குரலில் சொல்வது இதுதான்: "கம்பெனி காசில் ஊர் சுற்றுகிறார்கள். ஜூமில் முடியாத வேலை அங்கே என்ன இருக்கிறது?" இந்த எண்ணம் தவறு. இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "வீடியோ காலிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது."

அன்றாட வேலை முடிகிறது, உண்மை. முடியாதவையும் உண்டு. 2022-இல் 'நேச்சர்' இதழில் மெலனி ப்ரக்ஸ், ஜொனாதன் லெவாவ் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் மட்டுமின்றி, ஐந்து நாடுகளில் ஏறக்குறைய 1,500 பொறியாளர்களிடமும் சோதித்தார்கள். வீடியோ வழியே பேசிய ஜோடிகளுக்கு, நேரில் பேசியவர்களைவிடக் குறைவான யோசனைகளே தோன்றின. ஆனால் தோன்றிய யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் பின்தங்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2020-இன் முதல் ஆறு மாதங்களில் அமெரிக்காவில் உள்ள தங்கள் ஊழியர்கள் 61,000 பேரின் தொடர்புகளை ஆராய்ந்தார்கள். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபின், அவரவர் குழுவுக்குள் பேச்சு இறுகியது. குழுக்களுக்கு இடையிலான பாலங்கள் குறைந்தன. ஆக, திரையில் குறைவது எதுவென்று தெரிகிறது: புது யோசனையும், பக்கத்துக் குழுவோடு உள்ள பழக்கமும். நேர்ச்சந்திப்பு ஈடுகட்ட வேண்டியது இவ்விரண்டையும்தான்.

2. "சந்தித்தே ஆக வேண்டும் என்றால், ரிமோட் முறை தோற்றுவிட்டது என்றுதானே பொருள்?"

இந்த முறையை உலகுக்குக் காட்டியவர்களே இதற்குப் பதில். வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமாட்டிக், 2005-இல் தொடங்கியதிலிருந்தே ஊழியர்கள் உலகெங்கும் பரவியிருக்கும் நிறுவனம். சான் ஃபிரான்சிஸ்கோவில் வைத்திருந்த அலுவலகத்தையும் யாரும் வருவதில்லை என்று 2017-இல் மூடியது. அதே நிறுவனம்தான் 'கிராண்ட் மீட்டப்' என்ற பெயரில் ஊழியர்கள் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டியது. முழுக்க ரிமோட்டில் இயங்கும் மென்பொருள் நிறுவனமான கிட்லேப், 2019-இல் நியூ ஆர்லியன்ஸில் தன் ஊழியர்களைக் கூட்டியது. இவர்கள் யாரும் சந்தித்த பிறகு அலுவலகத்துக்குத் திரும்பிவிடவில்லை. சில நாள் சந்திப்புதான் மற்ற மாதங்களின் தூரத்தைத் தாங்க வைக்கிறது.

3. "பெருஞ்செலவு."

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 20 பேர் கொண்ட நிறுவனம். கோ-வொர்க்கிங் இடத்தில் இருக்கைக்கு மாதம் 6,000 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 14,40,000 ரூபாய். பயணம், மூன்று இரவு தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20,000 ரூபாய் என்றால் ஒரு சந்திப்புக்கு 4,00,000 ரூபாய். இரண்டு முறை கூடினாலும் வாடகையில் பாதியைச் சற்றே தாண்டும். மிச்சப்படுத்திய வாடகையைப் பேசாமல் சந்திப்பின் செலவை மட்டும் பேசுவது பாதிக் கணக்கு.

4. "போனால் ஆட்டம் பாட்டம்தான், வேலை நடக்காது."

திட்டமில்லாமல் போனால் அப்படித்தான் நடக்கும். அது திட்டமிடாதவர்களின் குறை. நன்றாக நடத்துபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த ரிசார்ட்?" என்பதல்ல, "திரையில் தீராத எந்த இரண்டு விஷயங்களை அங்கே தீர்க்கப் போகிறோம்?" என்பதே. ஸ்லைடு காட்டும் உரைகளை முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும். உட்கார்ந்து கேட்பதற்கு யாரும் ரயில் ஏறி வரத் தேவையில்லை. காலையில் வேலை, அதுவும் வெவ்வேறு குழுக்களைக் கலந்து உட்கார வைத்து. மாலையை விட்டுவிட வேண்டும். டீ குடித்துக்கொண்டு இரண்டு பேர் தாமாகப் பேசும் பேச்சுக்குக் கட்டாய விளையாட்டுகள் ஈடாகாது.

5. "கல்யாணம் ஆகாத இளைஞர்களுக்குத்தான் இது சரி. குடும்பஸ்தர்கள் எப்படி வருவார்கள்?"

எதிர்ப்புகளில் நியாயமானது இது ஒன்றுதான். இதற்கு விடை சந்திப்பைக் கைவிடுவதில் இல்லை; தேதி, இடம், விதி மூன்றையும் கவனமாக முடிவு செய்வதில் இருக்கிறது.

தேதி: பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதம் வேண்டாம், தீபாவளி, பொங்கலை ஒட்டியும் வேண்டாம். சனி, ஞாயிறைத் தொடக்கூடாது; வேலைக்கான கூட்டம் வேலை நாளில்தான் நடக்க வேண்டும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கும் முன்பே தேதி எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்.

இடம்: படத்தில் அழகாகத் தெரியும் ஊரைவிட, அதிக தூரத்திலிருந்து வருபவருக்கு எளிதான ஊர் மேல். தமிழ்நாட்டுக்குள் பரவியிருக்கும் குழுவுக்குத் திருச்சி பொருத்தம். சென்னை, கோவை, மதுரை, நெல்லை எல்லாவற்றிலிருந்தும் நேரடி ரயில் உண்டு. விமான நிலையமும் உண்டு. கொடைக்கானலோ ஊட்டியோ என்றால் மலைப்பாதைப் பயணத்தோடு, 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

விதி: ஆளுக்குத் தனி அறை. கைக்குழந்தையோடு வரும் தாய்க்குத் துணைக்கு வருபவரின் செலவும் நிறுவனத்துடையது. வர இயலாதவரிடம் காரணம் தோண்டக்கூடாது. அது மதிப்பீட்டில் எதிரொலிக்கவும் கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தம் ஊழியர் செல்லும் இடத்தையும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் பயணத்தையும் பணியிடமாகவே கருதுகிறது. ரிசார்ட்டின் இரவு விருந்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். புகாரை யாரிடம் சொல்வது என்பதை முதல் நாளே எல்லோருக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

ஆகவே நிறுவனத்தை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பணம் மிஞ்சினால் தரும் பரிசாக இந்தச் சந்திப்பை நினைக்காதீர்கள். சம்பளம், மின்சாரம், இணையம்போல் ஆண்டுத் தொடக்கத்திலேயே இதற்கும் நிதி ஒதுக்குங்கள். எதற்காகக் கூடுகிறோம் என்று ஒரு பக்கம் எழுதி, ஊழியர்களிடம் முன்கூட்டியே கொடுங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுத முடியவில்லை என்றால் அந்த ஆண்டு கூட்ட வேண்டாம். எழுத முடிந்தால், அந்தச் செலவை ஊதாரித்தனம் என்று சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது.