இடக்கையில் உயிர், வலக்கையில் மெய்

மதுரையில் தமிழைத் தட்டச்சு செய்து பிழைப்பவர்கள் நிறைய. பத்திரப்பதிவு அலுவலகங்களை ஒட்டிய கடைகள், உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளையை நம்பிய ஜாப் டைப்பிங் கடைகள், கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அடித்துத் தரும் டிடிபி கடைகள். காலையில் உட்கார்ந்தால் இரவு கடை சாத்தும்வரை விரல் ஓயாது. மணிக்கட்டு வலியை வேலையின் ஒரு பகுதியாகவே பலர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்த நிலையில்தான், இடப்பாதி, வலப்பாதி என இரண்டாகப் பிரிந்த விசைப்பலகையைத் தாங்களே செய்துகொள்ளும் ஆர்வம் இளைஞர்களிடம் முளைத்திருக்கிறது. வரவேற்க வேண்டிய ஆர்வம். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

சாதாரண விசைப்பலகையில் இரண்டு கைகளும் நடுவை நோக்கிக் குவிகின்றன. விசைகளுக்கு நேராக விரல் நிற்க வேண்டும் என்பதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைகிறது. நாள் முழுவதும் அந்த வளைவில்தான் வேலை. பலகையைப் பிரித்துத் தோளகலத்துக்குத் தள்ளி வைத்தால் முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டில் வரும். உள்பக்க ஓரத்தைச் சற்றே உயர்த்தி வைத்தால் முன்கை முறுகுவதும் குறையும். இதுவரை சரி. விரல் ஏற்கெனவே மரத்துப்போனவருக்கு இது மருந்து ஆகாது. அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மேசை நெஞ்சுயரத்தில் இருந்தால் எந்தப் பலகையும் உதவாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் விசைப்பலகைகளில் ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையிலிருந்து சற்று விலகி நிற்பதற்குக் காரணம் பழைய தட்டச்சுப் பொறி. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் ஓடியது. அவை ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க வரிசைகளை விலக்கினார்கள். நெம்புகோல் போய்விட்டது, விலகல் மட்டும் நின்றுவிட்டது. பிரிந்த பலகை செய்பவர்கள் இதை விட்டுவிட்டு, விரலின் நீளத்துக்கு ஏற்ப நெடுவரிசைகளை ஏற்றி இறக்குகிறார்கள். நடுவிரல் வரிசை மேலே, சுண்டுவிரல் வரிசை கீழே.

இனி தமிழுக்கு வருவோம். விசைப்பலகைக்கு எழுத்து தெரியாது. இத்தனையாவது விசை அழுந்தியது என்று ஓர் எண்ணை மட்டும் கணினிக்கு அனுப்பும். அதை எழுத்தாக்குவது கணினியில் உள்ள மென்பொருள். ஆகவே ஆங்கிலத்துக்கென வரைந்த எந்தப் பலகையிலும் தமிழ் அடிக்கலாம். ஆனால் அடிக்க முடிவது வேறு, கைக்குப் பொருந்துவது வேறு.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவாகி, தமிழக அரசின் ஏற்பையும் பெற்றது தமிழ்99 அமைப்பு. அதன் அடிப்படையே இரண்டு கைகளுக்கும் வேலையைப் பங்கிடுவதுதான். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் ஏறக்குறைய அனைத்தும் வலக்கையில். புள்ளியும் இடக்கைக்கே, ஆள்காட்டி விரல் இயல்பாக அமரும் இடத்தில். ‘மீனாட்சி’ என்று அடித்துப் பாருங்கள். ம, ஈ, ன, ஆ, ட, புள்ளி, ச, இ. எட்டுத் தட்டலும் வலது, இடது, வலது, இடது என்று ஒன்றுகூடத் தவறாமல் மாறி மாறி வருகின்றன. ஒரு கை அழுத்தும்போதே மறு கை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பலகையை இரண்டாகப் பிளப்பதற்கு முன்பே எழுத்தை இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். இதற்காக அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் ‘வைகை’ என்று அடித்தால் தடுக்கும். வ, ங இரண்டும் இடக்கையின் கீழ் வரிசையில் இருக்கின்றன. வ-வை அழுத்திய அதே ஆள்காட்டி விரலே மேல் வரிசைக்கு எகிறி ஐ-யையும் பிடிக்க வேண்டும். எ, ஏ, புள்ளி ஆகியவையும் அந்த விரலின் பொறுப்பே என்பதால் வெயில், வேட்டி, வேப்பமரம் எல்லாவற்றிலும் இதே திண்டாட்டம். வ நமக்கு அரிதான எழுத்தா? அவர், இவர், வந்தார், வேண்டும்: வரிக்கு வரி வருகிறது. ங-வை அப்படியே விட்டுவிடலாம். அடுத்து வருவது பெரும்பாலும் க, அது வலக்கையில் இருப்பதால் மாற்றம் கெடுவதில்லை.

வலக்கைச் சுண்டுவிரலின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. ண, ந, ச, ய, ழ, ஞ ஆகிய ஆறும் அதன் தலையில். இணையத்தில் புகழ்பெற்ற கோர்ன் போன்ற பலகைகளில் ஒரு கைக்கு 21 விசை, ஆக 42. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு இது தாராளம். தமிழ்99-இன் மேல் வரிசையிலோ வலக்கைக்கு மட்டும் ஏழு எழுத்து வேண்டும். கோர்னில் இருப்பது ஆறு. படத்தை அப்படியே நகலெடுத்துச் செய்தால் ஞ-வுக்கு இடமே இருக்காது. மஞ்சளும் பஞ்சும் இஞ்சியும் அடிக்க முடியாத பலகையை மதுரையில் யாருக்குக் கொடுப்பது?

தீர்வு கட்டைவிரலில் இருக்கிறது. சாதாரணப் பலகையில் இரண்டு கட்டைவிரலுக்கும் சேர்த்து இடைவெளி விசை ஒன்றுதான். கோர்னில் கைக்கு மூன்று விசை. இடைவெளியையும் அழிக்கும் விசையையும் இடது கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டு, வ-வையும் ஞ-வையும் வலது கட்டைவிரலுக்குக் கொண்டுவரலாம் என்பது என் துணிபு. அப்போது ‘வை’ அடிக்க வலது கட்டைவிரலும் இடது ஆள்காட்டியும் போதும். பலகையின் உள்ளே ஓடும் கியூஎம்கே போன்ற நிரலில், வ-வுக்கான எண்ணையே இந்தப் புது இடத்திலிருந்தும் அனுப்பச் சொன்னால் முடிந்தது. கணினியில் தமிழ்99-ஐத் தொட வேண்டியதில்லை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் தானே புள்ளி விழுவதும், ந-வுக்குப் பின் த வந்தால் ‘ந்த’ ஆவதும் அங்கேயே நடக்கட்டும். சுண்டுவிரல் விசைகளுக்கு மட்டும் மென்மையான சுருள்வில் கொண்ட சுவிட்சுகளை வாங்குங்கள். சிறிய செலவு, நாள் முடிவில் விரல் அதை உணரும்.

தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையாவின் காலந்தொட்டு வரும் பழைய டைப்ரைட்டர் முறையில் ஊறியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த முறைக்கு ஷிப்டும் ஓரத்து விசைகளும் அதிகம் வேண்டும். அவர்கள் 42 விசைப் பலகையைத் தவிர்த்து, 60 விசைக்குக் குறையாத பிரிந்த பலகையைச் செய்துகொள்வதே நல்லது.

செய்முறையில் பயப்பட ஒன்றுமில்லை. விசைக்கு விசை 19.05 மில்லிமீட்டர் இடைவெளி, சுவிட்ச் அமர 14 மில்லிமீட்டர் சதுரத் துளை. பெயர்ப்பலகைக்காக அக்ரிலிக் வெட்டும் லேசர் கடையிலேயே இதை வெட்டலாம். லேசர் வெட்டும்போது ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் துளையை ஒரு மயிரிழை சிறிதாக வரைந்து, சிறு துண்டில் சோதித்த பிறகு முழுத் தகட்டை வெட்டச் சொல்லுங்கள். சுவிட்சின் கொக்கி கவ்வ 1.5 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும்; தடித்த அக்ரிலிக்கில் கொக்கி பிடிக்காது, பக்க இறுக்கத்தில்தான் நிற்கும். முப்பரிமாண அச்சில் செய்தால் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டு வைக்காதீர்கள்.

மின்னிணைப்பில் ஒரு சலுகை உண்டு. சிறிய கட்டுப்பாட்டுச் சில்லுகளில் கால்கள் போதாமல், விசைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு பற்ற வைப்பார்கள். 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் பயன்படுத்தக்கூடிய கால்கள் 26. பாதிக்கு ஒரு பிக்கோ என்றால் 21 சுவிட்சுக்கும் ஆளுக்கொரு கால் கொடுத்துவிடலாம், டயோடே வேண்டாம். முதல்முறை பற்றவைப்புக் கம்பியைப் பிடிப்பவருக்கு இதுவே எளிது. இரு பாதிகளையும் இணைக்கும் ஒயரை, கணினியில் செருகியிருக்கும்போது பிடுங்கவோ மாட்டவோ கூடாது. வழக்கமான 3.5 மில்லிமீட்டர் முள் உருவும்போது முனைகள் ஒன்றோடொன்று உரசி, சில்லு எரிந்துபோகலாம்.

இதற்கெல்லாம் முன்பாக, வெள்ளைத்தாளில் கையை இயல்பாக வைத்து, விரல்நுனி விழும் இடங்களைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சுண்டுவிரல் வரிசை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். பலகை தயாரான பிறகு வாடிக்கையாளர் காத்திருக்கும் வேலையில் உடனே இறங்காமல், பழைய பலகையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் பழகுங்கள். வேகம் முதலில் பாதியாகக் குறையும், பின்பு திரும்பும். எழுத்தின் இடத்தை மாற்ற நிரலில் ஒரு வரி போதும் என்பதால் தினமும் மாற்றத் தோன்றும். ஒரு மாற்றம் செய்தால் சில வாரமாவது அதில் நில்லுங்கள்; விரல் பழகுவதற்கு அவ்வளவு காலம் வேண்டும்.