ராட்டை விளம்பரம்

1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் ஸ்தாபித்த காந்திகிராமத்தில் இன்றும் கதர் வேலை நடக்கிறது. கிராமத்துக்கென்று யந்திரம் செய்ய விரும்பும் அங்குள்ள மாணவர்கள், அகில பாரத சர்க்கா சங்கம் 1929-ல் விடுத்த விளம்பரத்தைப் படிக்க வேண்டும். சிறந்த ராட்டைக்கு லட்சம் ரூபாய் பரிசு! நிபந்தனைகளோ குழந்தைக்கும் விளங்கும்: குடிசையில் ஓட வேண்டும், ஸ்திரீ ஒருத்தி எட்டு மணி நேரம் பெருஞ் சிரமமின்றி நூற்கக் கூடியதாயிருக்க வேண்டும், விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. பரிசை எவரும் பெறவில்லை. ஆயினும் பின்னாளில் திருநெல்வேலிச் சீமையின் ஏகாம்பரநாதன் அம்பர் ராட்டையைச் செய்தார்.

இன்றைய சர்க்கார் டெண்டர்களோ வக்கீல்களாகிய எமக்கே விளங்குவதில்லை. சாமானைக் கையாளப் போவது யாரென்ற பேச்சு அவற்றில் பெரும்பாலும் காணோம். எழுதும் உத்தியோகஸ்தர் முதலில் ஒரு கிராமத்துப் பெண்ணிடம் அவற்றை வாசித்துக் காட்டட்டும்.