வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். தமிழ்ப்பள்ளியில் பயின்ற ஒவ்வொருவரும் மனனம் செய்த பழமொழி இது. பொருள் எழுதினோம், வாக்கியம் அமைத்தோம், மதிப்பெண் பெற்றோம். அத்தோடு சரி! புல் எப்படி ஆயுதமாகும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? என்னை அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது ஒரு விளையாட்டு. அதைப் பற்றியும், தமிழ் மாணவர்களாகிய நாம் அதை ஏன் தமிழில் விளையாட வேண்டும் என்பதைப் பற்றியும் என் கருத்தை இங்கே முன்வைக்க விரும்புகிறேன்.

அது என்ன விளையாட்டு?

கணினியோ கைப்பேசியோ தேவையில்லை. ஒரு மேசை, நான்கைந்து நண்பர்கள், தாள், பென்சில், பகடை ஆகியவை போதும். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். "பாலம் இடிகிறது, மேலே ஒரு பள்ளிப் பேருந்து நிற்கிறது, என்ன செய்கிறாய்?" என்று நடத்துபவர் கேட்பார். நாம் வாயால் சொல்வதுதான் ஆட்டம். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. சூப்பர் ஹீரோக்களுக்கென்றே 1981-இல் 'சாம்பியன்ஸ்' வந்தது. 2002-இல் ஸ்டீவ் கென்சன் உருவாக்கிய 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' வந்தது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஈப்போவில் நானும் நண்பர்களும் விளையாடுவது இந்த இரண்டாவது விளையாட்டைத்தான்.

இவற்றின் சிறப்பு என்ன? சக்தியின் தோற்றத்தை விதிநூல் தீர்மானிப்பதில்லை. விளைவை மட்டுமே தீர்மானிக்கிறது. 'தூரத்திலிருந்து தாக்குதல்' என்பது ஒரு விளைவு. அது நெருப்பா, மின்னலா, பனிக்கட்டியா என்பது ஆடுபவரின் கற்பனை. விதி எலும்பு என்றால் கற்பனை சதை!

ஐந்து சக்தியா? ஒரு சக்தியா?

புதிதாக விளையாட வருபவர்கள் பெரும்பாலும் சக்திகளைக் கடைச் சாமான்களைப் போல அடுக்குகிறார்கள். பறக்க வேண்டும், மறைய வேண்டும், நெருப்பை உமிழ வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. இங்கேதான் கணக்கு பாடம் புகட்டுகிறது. 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' விளையாட்டில், வழக்கமான பத்தாம் நிலையில் தொடங்கும் நாயகருக்குக் கிடைப்பவை 150 புள்ளிகள். 30 புள்ளி மதிப்புள்ள ஐந்து சக்திகளைத் தனித்தனியே வாங்கினால் 150-உம் தீர்ந்துவிடும். உடல் வலிமைக்கும் அறிவுக்கும் தற்காப்புக்கும் ஒரு புள்ளிகூட மிஞ்சாது.

ஆனால், ஒரே மூலத்திலிருந்து பிறக்கும் சக்திகளாக அவற்றை அமைத்தால்? முதல் சக்திக்கு 30 புள்ளிகள். அதன் மதிப்பைத் தாண்டாத ஒவ்வொரு மாற்று விளைவுக்கும் ஒரே ஒரு புள்ளி. ஆக, ஐந்துக்கும் சேர்த்து 34! இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். தாக்கும்போது காக்க முடியாது. காக்கும்போது தாக்க முடியாது. எதை எப்போது எடுப்பது என்னும் தேர்வுதான் ஆட்டத்தின் உயிர்நாடி.

தாளில் எழுதாத புதிய வித்தையையும் இக்கட்டில் முயன்று பார்க்கலாம். எல்லைக்கு மீறி உழைத்ததால் பாத்திரம் களைப்படையும். தன் குறைபாட்டால் சிக்கலில் மாட்டும் பாத்திரத்திற்கு 'நாயகப் புள்ளி' பரிசாகக் கிடைக்கும். அதைச் செலவிட்டு அந்தக் களைப்பைப் போக்கலாம். அதாவது, குறையே இல்லாத பாத்திரத்திற்கு இந்த விளையாட்டில் வளர்ச்சியும் குறைவு. ஒரே வல்லமையைப் பல வழிகளில் வளைக்கத் தெரிந்தவனே வல்லவன். புல் ஆயுதமாவது இப்படித்தான்.

மணிமேகலையின் மூன்று மந்திரங்கள்

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நான் காட்டும் சான்று மணிமேகலை.

மணிபல்லவத் தீவில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறது. வேற்றுருக் கொள்வது ஒன்று. வான்வழியே செல்வது மற்றொன்று. பசியைப் போக்குவது மூன்றாவது. போர்க்கருவி ஒன்றுகூட இல்லை. ஆயினும், அவற்றை அவள் எப்படியெல்லாம் பயன்படுத்துகிறாள் என்று பாருங்கள். தன்னைத் தொடரும் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். அதே உருவில் சிறைக்குள் சென்று, அமுதசுரபியால் கைதிகளின் பசியாற்றி, அச்சிறையை அறக்கோட்டமாக மாற்றும்படி மன்னனிடம் வேண்டிப் பெறுகிறாள். பின்னர் அரசி அவளை வஞ்சிக்க ஓர் இளைஞனை ஏவும்போது ஆண் உருக் கொள்கிறாள். வந்தவன் அஞ்சி ஓடுகிறான். பட்டினி போட்டு வதைக்கும்போது பசி போக்கும் மந்திரம் காக்கிறது. வான்வழியே அவள் சென்றடையும் நாடு எது தெரியுமா? சாவகம்! அறிஞர் பலர் ஜாவாவாகக் கருதும் நாடு. நம் அண்டை வீட்டுக்கே வந்து போயிருக்கிறாள்!

அவளுடைய சக்திக்கு விலையும் உண்டு. காயசண்டிகையின் உருவில் அவளைக் கண்ட காஞ்சனன், தன் மனைவிதான் என்று நம்பி, உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான். தற்காப்புக்கு எடுத்த வடிவமே ஓர் உயிர் போகக் காரணமாகிறது. மூன்றே சக்திகள், எண்ணற்ற பயன்கள், மறுக்க முடியாத விளைவுகள். இதைவிடச் சிறந்த பாத்திர அமைப்பை எந்த விதிநூலிலும் நான் கண்டதில்லை.

இக்காலத்துக்கு வந்தால், 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி' நினைவுக்கு வருகிறார். பிரிட்டனில் பிறந்த பாத்திரம்தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது. அந்த ஒரு கைதான் கதைக்கே சுவை. முழுதாக மறைந்துவிட்டால் அப்புறம் என்ன பரபரப்பு?

தோட்டத்து மண்ணில் ஒரு நாயகி

இவ்வளவு செல்வம் இருந்தும், நான் பார்த்த வரையில் நம் மாணவர்கள் உருவாக்கும் பாத்திரங்கள் நியூயார்க்கில் பிறக்கின்றன. ஆங்கிலப் பெயர் தாங்குகின்றன. ஏன், சுங்கை சிப்புட்டில் ஒரு சூப்பர் ஹீரோ பிறக்கக் கூடாதா? 1998-இல் மலேசியத் தொலைக்காட்சியில் 'கெலுவாங்மேன்' பறக்கவில்லையா?

என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இன்று அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அவர் சொன்ன கதைகளிலிருந்து நான் அமைத்த பாத்திரம் இது. அவள் உள்ளங்கையிலிருந்து ரப்பர் பால் சுரக்கும். அதுவே அவளுடைய ஒரே சக்தி. எதிரியின் காலில் ஒட்டிப் பிணைப்பது முதல் விளைவு. கயிறாகத் திரித்தால் ஊஞ்சல். தாளாக விரித்தால் கேடயம். பந்தாகத் திரட்டினால் எறிபடை. விரிசலில் ஊற்றினால் அடைப்பு. 34 புள்ளிகளில் அனைத்தும் அடக்கம்.

குறைகளை நான் கற்பனை செய்யத் தேவையே இல்லை. தோட்டமே தந்துவிட்டது! விடியற்காலைக் குளிரில் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. எனவே, மழையில் அவளுக்குச் சக்தி இல்லை. ஃபார்மிக் அமிலம் பட்டால் பால் உறைந்துவிடும். வில்லனுக்கு அது போதும். அமோனியா கலந்தால் உறையாது. நண்பர்கள் அவளைக் காப்பாற்றும் வழி அது. பிரட்டுக்கு எழுந்து, மங்கில் பால் சேர்த்து, ஒட்டுப்பாலையும் வீணாக்காத ஒரு தலைமுறையின் அறிவு, ஒரு தாளில் விதிகளாக உட்கார்ந்துவிட்டது.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். நம் தோட்டங்களைக் காத்து நிற்கும் முனியாண்டிக்கும் அம்மனுக்கும் தயவுசெய்து புள்ளி போடாதீர்கள். இன்றும் மக்கள் கையெடுத்துக் கும்பிடும் தெய்வங்களைப் பகடையில் தோற்கடிப்பது விளையாட்டாகாது. அந்தக் கோயில் வாசலில் வளர்ந்த பிள்ளையை நாயகனாக்குங்கள். மனிதனுக்குத்தான் குறை உண்டு. குறை உள்ளவனிடம்தான் கதை உண்டு.

கூட்டுச் சக்தியும் நமக்குப் புதிதல்ல. தோட்டத் துண்டாடல் நம் மக்களைத் தெருவில் நிறுத்திய காலத்தில், சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. தனித்தனியே பார்த்தால் அந்தப் பத்து வெள்ளி ஒரு புல்தான்!

ஏன் தமிழில்?

ஆங்கிலத்திலேயே விளையாடிவிட்டுப் போகலாமே என்பார்கள். விதிநூல் ஆங்கிலத்தில் இருப்பதால் அது எளிதும்கூட. ஆனால், தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம்மில் பலருக்குத் தமிழ் என்னவாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். ஆறாண்டுகள் அழவும் சிரிக்கவும் சண்டை போடவும் உதவிய மொழி, அதன் பிறகு வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கியது. எஸ்.பி.எம். முடிந்ததும் பலருக்கு அதுவும் இல்லை. மேடையில் மனனம் செய்து பேசத் தெரியும். எதிர்பாராத கேள்விக்கு அந்தக் கணத்தில் தமிழில் பதில் சொல்லத் தடுமாறுகிறோம்.

இந்த விளையாட்டில் ஒத்திகை கிடையாது. "பாலைக் கயிறாத் திரிச்சு பஸ்ஸோட அச்சுல கட்டுறேன், நீ அந்தப் பக்கம் தூணைப் பிடி!" என்று உடனே சொல்ல வேண்டும். 'உருண்டு திரண்டு', 'வளைத்து', 'முறுக்கி', 'நழுவி' என்று எங்கோ உறங்கிக் கிடந்த வினைச்சொற்கள் நாவில் வந்து விழுகின்றன. பேச்சுத்தமிழ்தான், பிழையும் இருக்கலாம். ஆயினும் அது உயிருள்ள தமிழ்! கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் கும்பிடும் மொழி, மாற்று விளைவு இல்லாத சக்தியைப் போன்றது. ஒரே ஒரு வேலைக்குத்தான் உதவும்.

ஆகவே, இளையோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். நம் மொழிக் கழகம் நாடகமும் பேச்சுப் போட்டியும் நடத்துவது போல், ஒரு பருவத்திற்கு ஒரு மாலை இந்த மேசைக்கும் இடம் தரட்டும். முன்னாள் மாணவர்கள் வந்து தாங்கள் வளர்ந்த தோட்டத்தின் கதைகளைச் சொல்லட்டும். நாங்கள் அவற்றிலிருந்து நாயகர்களை உருவாக்குகிறோம். செலவு அதிகமில்லை. பகடையும் தாளும் போக, மீதி எல்லாம் நம் வாயில்தான் இருக்கிறது.