ஆலங்குளம் வராத வட்டிக் குறைப்பு

2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, டிசம்பரில் 5.25 சதவீதமானது. இதன் பலன் யாரைச் சென்றடைகிறது?

வட்டிக் குறைப்பின் பலனை வங்கிகள் கடன்தாரருக்கு முழுமையாகத் தருவதில்லை என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் குழு 2017-இல் சுட்டிக்காட்டியது. அதையடுத்து, 2019 அக்டோபர் முதல் வங்கிகள் மாறும் வட்டியில் வழங்கும் புதிய வீட்டுக் கடன்களும் சிறுதொழில் கடன்களும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் பிணைக்கப்பட்டன. அவ்வாறு கடன் பெற்ற சிவகாசி அச்சக உரிமையாளருக்கு வட்டி குறையும்.

ஆலங்குளம் வட்டாரப் பட்டாசுத் தொழிலாளி வாங்கும் நுண்கடனுக்கு இந்தப் பிணைப்பு இல்லை. நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பும் 2022 ஏப்ரலில் நீங்கியது. தீபாவளிக்குப் பின் ஆலைகள் ஓய்ந்திருக்கும் வாரங்களிலும் தவணை ஓய்வதில்லை.

வங்கிக் கடனில் ஆய்வு விதியை மாற்றியது. தவணைக் கடனிலும் அதே ஆய்வை ரிசர்வ் வங்கி மேற்கொள்ள வேண்டும்.