மழைமானிக்குத் தெரியாத வறட்சி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட விஷயம். பரீட்சை முடிஞ்சிடுச்சு, வெளியே மைனஸ் எட்டு டிகிரி, எங்கேயும் போக முடியாது. ஆக, நீங்க மாட்டிக்கிட்டீங்க :-)

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஓஸ்லோவில் ஒரு வருசத்துக்குப் பெய்யிற மழை, பனியையும் உருக்கிச் சேர்த்து, 800 மில்லிமீட்டர் சொச்சம். எங்க ராமநாதபுரம் மாவட்டத்துல? அதுவும் 800 மில்லிமீட்டர் சொச்சம்தான்! "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்"னு சினிமாவுல மிரட்டுவாங்களே, அந்த ஊருக்கும், மூணு பக்கமும் காடு, நகரத்துக்குள்ளேயே ஆறு ஓடுற இந்த ஊருக்கும் வானம் கொடுக்கிற அளவு ஏறக்குறைய ஒண்ணு. கூடப் படிக்கிற நார்வேக்காரப் பையன்கிட்ட சொன்னேன். போனை எடுத்துத் தேடிப் பார்த்துட்டுத்தான் நம்பினான்.

அப்ப வித்தியாசம் எங்கே? பெய்யிறதுல இல்லை, தங்குறதுல. இங்கே வெயில் பலவீனம், ஆவியாகிறது கம்மி. எங்க ஊர் வெயில் பெய்யிற மழையைவிட ரொம்ப அதிகமான தண்ணியை உறிஞ்சத் தயாரா நிக்கும். இங்கே மழை பன்னிரண்டு மாசத்துக்கும் பரவிப் பெய்யும். அங்கே பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி அடிச்சு ஊத்திட்டுப் போயிடும். பயிர் குடிக்கிறது மழைமானியில விழுந்த தண்ணியை இல்லை, வேர்ப்பக்கத்துல மண் பிடிச்சு வெச்சிருக்கிற ஈரத்தை. ஆனா வறட்சியா இல்லையான்னு முடிவு பண்ணும்போது மட்டும் நாம முதல்ல மழைமானியைத்தான் பார்க்கிறோம். இந்தப் பதிவுல நான் சண்டை போடப்போறது இதுக்காகத்தான்.

நான் இங்கே நீரியல் முதுகலை படிக்கிறேன். மண் ஈரம் பத்தி ஒரு பாடம். வாத்தியார் போர்டுல ரெண்டு கோடு போட்டார். மேல் கோடு, மண்ணால பிடிச்சு வெச்சுக்க முடிஞ்ச அதிகபட்ச ஈரம். கீழ்க் கோடு, அதுக்குக் கீழே மண்ணுல ஈரம் இருந்தாலும் வேரால உறிஞ்ச முடியாத நிலை. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் பயிரோட சொத்து. மணல் மண்ணுல அந்த இடைவெளி ரொம்பக் குறுகல். களிமண் நிறையப் பிடிச்சு வைக்கும், ஆனா அதுல ஒரு பங்கை கஞ்சன் மாதிரி விடவும் விடாது. ஒரே மழை பெய்ஞ்ச ரெண்டு வயல்ல ஒண்ணு பத்து நாள்ல வாடும், இன்னொண்ணு இருபது நாள் தாங்கும்.

இதை எங்க ஊர்ல பள்ளிக்கூடம் போகாத பெரியவங்களும் சொல்வாங்க. "எத்தனை சென்டி மழை?"ன்னு கேட்க மாட்டாங்க. "உழவு மழையா?"ன்னுதான் கேட்பாங்க. ஏர் இறங்குற ஆழத்துக்கு நிலம் நனைஞ்சா அது ஒரு உழவு மழை. புழுதியை மட்டும் அடக்கிட்டுப் போச்சுன்னா அது மழைக்கணக்குலயே வராது. அதாவது, வானத்துல இருந்து வந்ததை மண்ணுல வெச்சு அளந்திருக்காங்க. மில்லிமீட்டர் வந்ததும் அந்த அளவுகோல் பேச்சுவழக்கா மட்டும் மிஞ்சிப்போச்சு.

நிற்க. நார்வேல வறட்சியான்னு கேட்பீங்க. 2018-ல வந்துச்சு, நல்லாவே வந்துச்சு. நான் அப்ப ஊர்ல இருந்தேன். இங்கே வந்த பிறகு படிச்சதையும் கேட்டதையும் வெச்சுச் சொல்றேன். 2017-18 குளிர்காலத்துல தென்கிழக்கு நார்வேயில பனி கொட்டித் தீர்த்தது. மே மாசம் அது உருகி பல ஆறுகள்ல வெள்ளம். வருசக் கணக்கை மட்டும் பார்த்தா தண்ணிப் பஞ்சம்னு யாரும் சொல்லவே முடியாது. ஆனா அதே மே மாசம் ஓஸ்லோ உட்பட தென் நார்வேயில வரலாறு காணாத வெப்பம். ஜூன், ஜூலையிலும் மழை ஏமாத்திடுச்சு. மேல் மண்ணுல இருந்த ஈரம் சில வாரத்துலயே காலி. ஓஸ்லோவைச் சுத்தியுள்ள கோதுமை, பார்லி, ஓட்ஸ் வயல்கள் எல்லாம் கதிர் பிடிக்கிற நேரத்துல மஞ்சளாயிடுச்சு. 1947 கோடையோட ஒப்பிட்டுப் பேசினாங்க. அந்த வருசம் நாட்டோட தானிய விளைச்சல் வழக்கத்துல ஏறக்குறைய பாதிதான். தீவனம் இல்லாம மாடுகளை முன்கூட்டியே வெட்டுக்கு அனுப்பினாங்க. ஐஸ்லாந்துல இருந்து கப்பல்ல வைக்கோல் வந்துச்சு. இவ்வளவு பணக்கார நாட்டுல!

இதுல நான் கவனிச்சது ரெண்டு விஷயம்.

ஒண்ணு, இங்கே மண் ஈரத்தை அளக்கிறாங்க, அதை எல்லாருக்கும் காட்டவும் செய்றாங்க. சேநோர்கேன்னு ஒரு இணையதளம். நீர்வளத்துறையும் வானிலைத் துறையும் நிலவரைபடத் துறையும் சேர்ந்து நடத்துறாங்க. நாடு முழுக்க ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கட்டம் போட்டு, இன்னிக்கு எங்கே எவ்வளவு பனி, மண்ணுல எவ்வளவு தண்ணின்னு தினமும் வரைபடம். பெரும்பாலும் மாதிரிக் கணக்குதான், ஆனா சில இடங்கள்ல நிலத்துக்குள்ள கருவி புதைச்சு சரிபார்க்கிறாங்க. காசு கிடையாது, கடவுச்சொல் கிடையாது.

ரெண்டு, நிவாரணம். பயிர் பொய்த்தால் இழப்பீடுன்னு சட்டத்திலேயே ஒரு ஏற்பாடு இருக்கு. முதல் 30 சதவீத இழப்பு விவசாயியோடது, அதுக்கு மேல போனா அரசு. முக்கியமா, உன் பண்ணை முந்தைய வருசங்கள்ல எவ்வளவு விளைஞ்சது, இந்த வருசம் எவ்வளவுன்னுதான் பார்க்கிறாங்க. பக்கத்து ஊர் சராசரி கிடையாது. 2018-ல இழப்பீட்டு உச்சவரம்பையும் உயர்த்தினாங்க.

உடனே "ஆகா நார்வே, சொர்க்கம்"னு ஆரம்பிச்சுடாதீங்க. நாட்டோட பரப்புல விவசாய நிலம் 3 சதவீதம்தான், விவசாயிகள் கொஞ்சப் பேர், கஜானாவுல எண்ணெய்க் காசு. அந்த எண்ணெய்தான் வெயிலையும் ஏத்துதுங்கிறது தனிக் கதை, அதுக்கு இன்னொரு பதிவு வேணும். காசு விஷயத்துல நாம ஒப்பிடவே முடியாது. நான் ஒப்பிடச் சொல்றது எதை அளக்கிறாங்கங்கிறதை மட்டும்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைவு. 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்துல 168 மில்லிமீட்டர். 2017 ஜனவரி 10 அன்னிக்கு அப்போதிருந்த 32 மாவட்டமும் வறட்சி பாதிச்ச மாவட்டம்னு அரசு அறிவிச்சது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். அதுக்கப்புறம் நம்ம விவசாயிகள் மண்டை ஓட்டோட டெல்லி ஜந்தர் மந்தர்ல உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தோம். அந்த மாதிரி வருசத்துல மழைமானியே போதும், வறட்சின்னு குருடனுக்கும் தெரியும்.

சிக்கல் மத்த வருசங்கள்ல. நான் கல்லூரியில இருந்தப்ப ஒரு வருசம், சித்தப்பா வழக்கம்போல புரட்டாசியில புழுதி விதைப்பு போட்டார். ஐப்பசியில ரெண்டு நல்ல மழை, பயிர் ஜோரா முளைச்சு வந்துச்சு. அப்புறம் மூணு வாரத்துக்கு அங்கொண்ணும் இங்கொண்ணுமா தூறல். நிலம் பாளம் பாளமா வெடிச்சது. கதிர் வர்ற நேரத்துல பயிர் கருகினப்புறம், மார்கழியில ஒரே ராத்திரியில கொட்டித் தள்ளிச்சு. பருவம் முடிஞ்சதும் கூட்டிப் பார்த்தா மழை "இயல்பு". நிவாரணம் கேட்கப் போன இடத்துல ஒருத்தர் காகிதத்தைக் காட்டி, "மழை சரியாத்தானே பெய்ஞ்சிருக்கு?"ன்னு கேட்டாராம். சித்தப்பா என்கிட்ட சொன்னது இதுதான்: "தம்பி, பேஞ்சது உண்மை. செத்த பிறகு பால் ஊத்துன கணக்கா பேஞ்சது." அடுத்த வருசம் பாதி நிலத்தைத் தரிசாப் போட்டார். தம்பி பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். தொலைஞ்சது ஒரு போக நெல்லு மட்டும் இல்லை.

விதிகள்ல மண் ஈரமே இல்லையான்னா, இருக்கு. மத்திய அரசோட 2016 வறட்சி மேலாண்மைக் கையேட்டைப் படிச்சுப் பாருங்க. முதல் வாசல் மழைக்கணக்கு: மழைக் குறைவு, இல்லைன்னா மூணு நாலு வாரம் தொடர்ந்து இயல்புல பாதிகூடப் பெய்யாத இடைவெளி. அந்த வாசல் திறந்தாத்தான் அடுத்த கட்டம். அங்கே விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டுற பயிரோட பசுமை, மண் ஈரம், நீர்நிலைகளோட நிலைமைன்னு நாலு அளவுகோல். மண் ஈரம் அதுல ஒண்ணு. அதாவது, பயிர் எதனால சாகுதோ அது வாசலுக்கு வெளியே வரிசையில நிக்குது. சரி, கணக்குல எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணினாலும், ஊருக்கு ஊர் அளந்த எண்ணு எங்கே இருக்கு?

"செயற்கைக்கோள் இருக்கே"ன்னு யாராவது பின்னூட்டம் போடுவீங்க, முன்கூட்டியே சொல்லிடறேன். ஐரோப்பாவோட சுமாஸ் 2009-ல போச்சு, நாசாவோட சுமாப் 2015-ல போச்சு. ரெண்டும் அருமையான வேலை பார்க்குது. ஆனா மண்ணோட மேல் 5 சென்டிமீட்டர்தான் அதுக்கு நேரடியாத் தெரியும். ஒரு கட்டம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அகலம். ராமநாதபுரம் மாவட்டமே மூணு நாலு கட்டத்துல அடங்கிடும். 2025 ஜூலை 30-ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து ஏவின நைசார் இன்னும் நுணுக்கமா பார்க்கணுங்கிற நோக்கத்தோட போயிருக்கு, சந்தோஷம். ஆனா எந்த செயற்கைக்கோளையும் நம்பணும்னா, தரையில புதைச்ச கருவியோட எண்ணோட ஒப்பிட்டுப் பார்த்தாகணும். அது இல்லாம மேலே இருந்து எவ்வளவு பார்த்தாலும் ஊகம்தான்.

அதனால நான் சொல்றது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. தமிழ்நாட்டுல 1,400 தானியங்கி மழைமானி வைக்கிற திட்டம் வந்துச்சில்லையா, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, அந்த ஊரோட மண்ணுல, 10, 30, 60 சென்டிமீட்டர் ஆழத்துல மூணு ஈர உணரி புதைங்க. கம்பம், கம்பி, சூரியத் தகடு, சிம் எல்லாம் ஏற்கனவே அங்கே இருக்கும். அந்த எண்ணை வாரா வாரம் தமிழ்ல வெளியிடுங்க. "இந்தப் பிர்காவுல வேர் மட்டத்துல ஈரம் இவ்வளவு, இப்படியே போனா இத்தனை நாள் தாங்கும்"னு சொன்னாப் போதும். விதைக்கலாமா, கம்மாயில மிச்சமிருக்கிறதை இப்பவே திறக்கலாமான்னு விவசாயி முடிவு பண்ணிக்குவார். மூணு வாரம் கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தா, பருவக் கடைசியில மழை எவ்வளவு கூட்டினாலும் அது வறட்சிதான்னு விதியில எழுதுங்க.

"ஒரு கருவி ஒரு பிர்காவுக்கே போதாதே, மண் வயலுக்கு வயல் மாறுமே"ன்னா, நியாயமான கேள்வி. ஆனா மழைகூடத்தான் தெருவுக்குத் தெரு மாறுது. அதுக்காக மழைமானியே வேணாம்னு யாரும் சொல்லலையே? குறையுள்ள அளவு, அளக்காததைவிட மேல்.

இது வருங்காலத்துக்கும் தேவை. நார்வேயோட எதிர்காலத் தட்பவெப்பம் பத்தி 2015-ல வந்த பெரிய அறிக்கை சொல்றது என்னன்னா, நாட்டுல மொத்த மழை கூடும், ஆனாலும் கோடையில மண் ஈரப் பற்றாக்குறையும் அதிகமாகும். மழையும் கூடுது, வறட்சியும் கூடுது! 2023-ல அதை இங்கே கண்ணாலேயே பார்த்தாங்க: மே, ஜூன்ல நிலம் காய்ஞ்சது, ஆகஸ்ட்ல ஹான்ஸ் புயல்மழை அதே கிழக்குப் பகுதியை முக்கியெடுத்தது. இனி வர்ற வருசங்கள்ல மொத்த மழைங்கிற எண்ணு இன்னும் இன்னும் பொய் சொல்லப்போகுது. 800 மில்லிமீட்டர் ரெண்டு ஊரைப் பத்தியும் எதுவும் சொல்லாத மாதிரி.

உங்கள்ல வேளாண்மைத் துறை, காப்பீடு, வருவாய்த்துறைப் பக்கம் இருக்கிறவங்க, இதுல நடைமுறைச் சிக்கல் என்னன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. விவசாயம் பார்க்கிற குடும்பத்துக்காரங்க, உங்க ஊர்ல மழையை என்ன பேர் சொல்லி அளப்பாங்கன்னு எழுதுங்க, நான் தொகுத்து வைக்கிறேன். சும்மா "நல்ல பதிவு, வாழ்த்துகள்"னு போட்டுட்டு ஓடுறவங்களுக்கு மைனஸ் எட்டு டிகிரியில நிக்கிற தண்டனை :-)