மின்சிகரெட் பற்றரிச் சோதனையும் உப்புநீரும்: கரையோரச் சங்கத்தின் நிலைப்பாடு

மின்சிகரெட்டுக்குச் சக்தி கொடுக்கும் மீள்மின்னேற்றப் பற்றரிகளுள் மிகப் பரவலானவற்றில் ஒன்று 18650 எனப்படும் லிதியம் அயன் செல். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்ற அளவுகளே அந்தப் பெயராயின. கற்பிட்டிக் களப்பில் இரவில் வலை பார்ப்பவரின் நெற்றி விளக்குக்குள் இருப்பதும் இதே வகைச் செல்தான். செல் ஒன்று, உபயோகம் இரண்டு. ஒன்றைச் சோதிக்காமல் விட்டால் மற்றதும் சோதிக்கப்படாமலே வள்ளத்தில் ஏறும்.

செயல்திறன் சோதனை முக்கியமாக இரண்டு எண்களைத் தேடுகிறது. முதலாவது கொள்ளளவு. முழுச் சார்ஜில் 4.2 வோல்ற் காட்டும் செல்லை, குறித்த மின்னோட்டத்தில் 2.5 அல்லது 3 வோல்ற் வரை இறக்கி, அந்த மின்னோட்டத்தை எடுத்த நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது அது. கொள்ளளவு கூடிய நல்ல செல்களில் இது 3,500 மில்லியம்பியர் மணியை ஒட்டி நிற்கும். 9,900 என்று உறையில் அச்சிட்டிருந்தால் அது பொய். வேறு சொல் தேவையில்லை. நல்ல செல் ஏறத்தாழ 45 கிராம் எடை இருக்கும். போலிகள் பல கையில் எடுத்ததுமே இலேசாகத் தெரியும்.

இரண்டாவது, செல் சூடேறிப் போகாமல் தொடர்ந்து எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பது. மின்சிகரெட்டின் சூடாக்கும் சுருள் 0.25 ஓம் என்றால், நேரடியாக இணைத்த செல்லிலிருந்து 16.8 அம்பியர் பாயும், 0.15 ஓம் என்றால் 28 அம்பியர். நெற்றி விளக்குக்கு ஒன்றிரண்டு அம்பியரே போதும். அதனால் மின்சிகரெட்டுக்கான சோதனையில் தேறிய செல், மின்னோட்டத்தைப் பொறுத்தவரை, விளக்குக்கும் தேறும். ஆனால் சில செல்களின் உறையில் போட்டிருக்கும் 40 அம்பியர் என்பது பல வேளைகளில் சில வினாடித் துடிப்புக்கான எண். தொடர் மின்னோட்டத்துக்கான எண் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பாதுகாப்புச் சோதனைக்கு உலகம் முழுவதும் கைக்கொள்ளப்படுவது ஐக்கிய நாடுகளின் சோதனைக் கையேட்டின் 38.3ஆம் பிரிவு. அதில் எட்டுச் சோதனைகள்: உயர இடக் காற்றழுத்தம், வெப்பமும் குளிரும் மாறி மாறி, அதிர்வு, அதிர்ச்சி, வெளிக் குறுக்குச்சுற்று, மோதல், அளவுமீறிய சார்ஜ், கட்டாய இறக்கம். மோதல் சோதனையில் 9.1 கிலோ எடை 61 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து செல்லின் மேல் விழுகிறது. செல் வெடிக்கவும் கூடாது, தீப்பிடிக்கவும் கூடாது. 2020 ஜனவரி 1 முதல் இச்சோதனைகளின் சுருக்கத் தாளைத் தயாரிப்பாளரும் விநியோகிப்பவரும் கிடைக்கச் செய்ய வேண்டும். மின்சிகரெட்டின் மின்சுற்றுக்கும் பற்றரிக்கும் தனியாக யூஎல் 8139 என்ற தரம் உண்டு. 2009 தொடக்கம் 2016 வரை அமெரிக்க ஊடகங்களில் வெளியான 195 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது. அவற்றில் பல சட்டைப் பைக்குள்ளேயே நடந்தவை.

எட்டுச் சோதனைகளிலும் உப்புநீர் இல்லை. சங்கம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதையே. விமானத்தில் போகும் செல்லுக்கு உயரச் சோதனை உண்டு. வள்ளத்தில் போகும் செல்லுக்குக் கடல்நீர்ச் சோதனை கிடையாது. செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனை உச்சியிலுள்ள சிறு மூடி. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வளையம் ஒன்றுதான். அந்த வளையத்தின் மேல் ஒரு துளி கடல்நீர் படிந்தால் மின்சாரம் அதன் வழியே ஓடத் தொடங்கும். நீர் பிரிய ஏறத்தாழ 1.2 வோல்ற் போதும். செல்லில் இருப்பதோ 4 வோல்ற். ஐதரசனும் குளோரினும் கிளம்பும், நேர்முனை மூடி அரிக்கும். தண்ணீர் புகாது என்று விற்கும் விளக்கின் இறுக்கமான உறைக்குள் அந்த வாயு போக வழியின்றி நிற்கும். வெளியே எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தாலும் உப்புப் படிவு மிஞ்சும். இரவுப் பனியில் அது மீண்டும் ஈரத்தை இழுத்து வேலையைத் தொடரும். பாதுகாப்புச் சுற்றுப் பலகை உள்ள செல்லில் அந்தப் பலகையும் அரிக்கும். வறட்சிக் காலத்தில் புத்தளம் களப்பின் உட்பகுதி கடலைவிட உப்பாகிவிடுகிறது. உப்பளங்கள் அங்கே சும்மா வரவில்லை. பைபர் வள்ளம், மண்ணெண்ணெய்க் கான், நைலோன் வலை, நடுவில் மனிதர்: தீப்பிடித்தால் ஓட இடமில்லை. பத்தலங்குண்டுத் தீவின் மீன்வாடியில் இருப்பவர் செல் கெட்டுவிட்டதா என்று யாரிடம் காட்டுவார்? உப்புநீர்ச் சோதனை அந்த எட்டில் சேராதது, கரையில் இருப்பவரை எவரும் கேட்காததால்தான் என்று சங்கம் கருதுகிறது.

2021 மே மாதத்தை உறுப்பினர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அம்மாதம் எமது கடலில் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் சரக்கில் லிதியம் அயன் பற்றரிகளும் இருந்தன. தீ பற்றரியால் மூண்டது என்று சங்கம் கூறவில்லை; நைத்திரிக் அமிலக் கசிவு மே 11இலேயே தெரிந்திருந்தது, கத்தாரின் ஹமாட், இந்தியாவின் ஹசீரா ஆகிய இரு துறைமுகங்களும் கசிந்த கொள்கலனை இறக்க மறுத்திருந்தன. ஆபத்து தாளில் இருந்தது, தாளைப் பார்த்தவர்களும் இருந்தார்கள், அபராதத்தைக் கட்டியது கரை. கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்ரிக் மணிகளை வலையிலிருந்து பொறுக்கியவர்கள் அந்தத் தாளைக் கண்டதே இல்லை. 2025 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. அந்தத் தொகை எங்கே, எப்போது என்பது இவ்வறிக்கையின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது.

மின்சிகரெட் குறித்துச் செயற்குழுவில் ஒரே கருத்து எட்டப்படவில்லை. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகள் 2016இல் தடை செய்யப்பட்டன. பற்றரிக்குத் தரம் கேட்பது அந்தச் சாதனத்துக்கு அனுமதி கேட்பதாகத் தோன்றலாம் என ஒரு பகுதியினர் கருதினர். தடை இருந்தாலும் செல் வந்துகொண்டுதான் இருக்கிறது என்பது மறுதரப்பு. ஆகவே சங்கம் மின்சிகரெட்டை ஆதரிக்கவில்லை. அதற்கென வகுத்த செல் சோதனைகளைப் பொருத்தமான அளவில் எல்லா லிதியம் செல்களுக்கும் விரிவுபடுத்துவதை ஆதரிக்கிறது.

38.3 சுருக்கத் தாள் இல்லாத செல் துறைமுகத்தில் இறங்கக் கூடாது. தாள் இருந்தாலும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில செல்களை எடுத்து இலங்கையிலேயே சோதிக்க வேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம், இயலுமானால் நீர்வள ஆராய்ச்சிக்கான அரச நிறுவனமான நாராவுடன் இணைந்து, உப்புநீரில் அமிழ்த்தும் சோதனையொன்றை வகுக்க வேண்டும். பெறுபேறு தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். கொள்ளளவைப் பொய்யாக அச்சிட்ட செல்லை விற்பவர்மீது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நடவடிக்கை எடுக்க வேண்டும். பழைய செல்களைத் திரும்பப் பெறும் பெட்டி ஒவ்வொரு இறங்குதுறையிலும் தேவை. அவை அருவக்காலுக் குப்பை நிரப்பு நிலத்தில் கலக்கக் கூடாது.

அதுவரை, கடல்நீர் பட்ட செல்லை மறுபடி சார்ஜ் செய்யாமல் விளக்கிலிருந்து கழற்றி, வள்ளத்துக்கும் வாடிக்கும் தள்ளி, மணல் நிரப்பிய தகரத்தில் தனியே வைத்திருக்க வேண்டும். செல் வீங்கியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, இனிப்பு மணம் வந்தாலோ கையால் தொடக் கூடாது. நிதி அனுமதிக்கும் அளவில், இறங்குதுறைகளில் ஒரு சிறு தராசும் கொள்ளளவு காட்டும் சார்ஜரும் வைக்கச் சங்கம் இணங்கியுள்ளது. முதலாவது கற்பிட்டியிலும் அடுத்தது உடப்பிலும் வைக்கப்படும்.